ஓடும்போதே நின்றுவிடும் பழைய வண்டி: கோளாறைக் கண்டறிவது எப்படி?

நமது வணிகர்களில் பெரும்பாலோரிடம் சரக்கு ஏற்றி இறக்கச் சொந்த வண்டி ஒன்று இருக்கிறது. மொத்த வியாபாரிகளிடம் டீசல் வேன் அல்லது மினி லாரி. மளிகைக் கடைக்காரர்களிடம் ஆம்னி வேன், சிறு லோடு வண்டி, மூன்று சக்கர லோடு ஆட்டோ. எதுவும் இல்லாவிட்டால் கடை வாசலில் ஒரு மொபெட்டாவது நிற்கும். இவற்றில் பல 10, 15 ஆண்டுகள் ஓடிக் களைத்தவை. இன்றைய விலையில் புதிய வண்டி வாங்க எல்லோராலும் இயலாது. பழையதைப் பழுது பார்த்து ஓட்டுவதில் தவறும் இல்லை. ஒழுங்காகப் பராமரித்தால் பழைய வண்டியும் நன்றாகவே உழைக்கும்.

ஆனால் ஒரு கோளாறு மட்டும் உரிமையாளரைப் படாத பாடு படுத்திவிடும். வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்; திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே அருமையாக ஓடும். அவர் இரண்டு தெரு சுற்றி வந்து, "வண்டியில் ஒன்றும் இல்லையே அண்ணாச்சி" என்பார். மூன்றாம் நாள் லோடோடு நடுவழியில் மறுபடியும் நிற்கும்.

எப்போதும் இருக்கும் கோளாறை மெக்கானிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடுவார். வந்து வந்து போகும் கோளாறு அவர் முன்னால் வருவதே இல்லை. எனவே அவர் அனுமானத்தின் பேரில் பில்டரை மாற்றுவார். பிறகு பிளக்கை மாற்றுவார். பிறகு பம்பைக் கழற்றுவார். ஒவ்வொரு தடவையும் பில் வரும், கோளாறு போகாது. இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி எப்படி நின்றது, எப்போது நின்றது என்று தெரிந்தவர் அதை ஓட்டியவர் ஒருவரே. அவருடைய சாட்சியம் பட்டறைக்குப் போய்ச் சேருவதில்லை. அதை முறையாகச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கான வழிகளே இக்கட்டுரை.

சரக்கைவிட உயிர் பெரிது

வண்டி நின்றால் நாம் சரக்குத் தாமதத்தை மட்டுமே நஷ்டமாக எண்ணுகிறோம். டிரைவர் வந்து, "வண்டி நின்று நின்று போகிறது" என்றால், "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று சொல்லும் முதலாளிகளும் நம்மிடையே உண்டு. இது மிகவும் ஆபத்தான போக்கு.

இன்ஜின் ஓடும்போதுதான் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் கிடைக்கிறது. இன்ஜின் அணைந்தபின் பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்கு மட்டுமே வரும். அதன்பின் பெடல் கல்போல் இறுகிவிடும். பிரேக் அப்போதும் பிடிக்கும். ஆனால் முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். 40 மூடை அரிசியோடு இறக்கத்தில் வரும்போது இப்படி ஆனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் ஆம்னி பஸ் விரட்டிக்கொண்டு வரும் நான்கு வழிச் சாலையில் நின்றாலும் இதே கதிதான்.

கோளாறு சரியாகும்வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் இரவு லோடுக்கும் அனுப்பாதீர்கள். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் பெரிய நஷ்டம் அல்ல. எப்.சி. வாங்கிய வண்டிதானே என்ற சமாதானமும் வேண்டாம். எப்போதாவது வரும் இந்தக் கோளாறு, சோதனை நடக்கும் சிறிது நேரத்தில் வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டியவை:

1. இன்ஜின் அணைந்தால் பதறாமல் கிளட்சை மிதித்து, இன்டிகேட்டர் போட்டு, வண்டியின் வேகத்திலேயே இடது ஓரம் ஒதுங்க வேண்டும்.

2. பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. ஒரே மிதியாக மிதித்து, நிற்கும்வரை காலை எடுக்காமல் பிடிக்க வேண்டும்.

3. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை வெளியே எடுக்கவே கூடாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

4. நின்றபின் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும்.

5. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின்மேல் நின்றுவிட்டால் முதல் வேலை வண்டியில் உள்ளவர்களை இறக்குவது. அடுத்தது கேட் கீப்பருக்குச் சொல்வது. கியர் வண்டிகளில் பலவற்றை, முதல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டு செல்ப் அடித்தால், செல்ப் மோட்டாரே வண்டியைச் சில அடி நகர்த்திவிடும். ரயில் வரும் நேரமானால் இதையும் முயல வேண்டாம். வண்டி போனால் போகட்டும்.

எப்படி நின்றது?

பெட்ரோல் இன்ஜின் ஓட எண்ணெய், காற்று, தீப்பொறி மூன்றும் வேண்டும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரிகிறது. இவற்றில் எது தடைப்பட்டது என்பதை, இன்ஜின் அணைந்த விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா? பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. ஒயர், பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், பேட்டரி டெர்மினல், எர்த் இவற்றில் ஒன்று விட்டு விட்டுத் தொடர்பு தருகிறது என்று பொருள். அதே நொடியில் டேஷ்போர்டு விளக்குகளும் அணைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரி டெர்மினல், முக்கிய எர்த், சாவி சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள்.

முதலில் இழுவை குறைந்து, குலுங்கி, திணறி, பிறகு நின்றதா? எண்ணெய் போதுமான அளவு வரவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள வழியில் அடைப்போ காற்றோ தண்ணீரோ இருக்கிறது.

ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலிலோ வேகத் தடையிலோ ஆக்சிலேட்டரை விட்டதும் நின்றதா? ஐடிலிங் குறைவு, கார்புரேட்டரின் சிறு ஜெட்டில் தூசி, இன்ஜினுக்குள் எங்கோ காற்று கசிவது ஆகியவை காரணம். பெட்ரோல் வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இன்ஜின் துடித்து அணைந்தால், பிரேக் பூஸ்டரின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம். இது பிரேக் சம்பந்தப்பட்டது; அன்றே பார்க்க வேண்டும்.

நிற்கும் முன் டெம்பரேச்சர் முள் ஏறியதா, ஆயில் விளக்கு எரிந்ததா? அப்படியானால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதே லாபம்.

எப்போது நின்றது?

அடுத்த சாட்சியம் சூழ்நிலை. பள்ளம் மேட்டில் விழுந்த உடனே நின்றால், தளர்ந்த ஒயரைத் தேடுங்கள். மழையில் மட்டும் நின்றால், பெட்ரோல் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயர்களையும் பாருங்கள். ஈரத்தில் மின்சாரம் வழி மாறிப் போய்விடும். பங்கில் எண்ணெய் போட்ட சிறிது நேரத்திலேயே நின்றால், எண்ணெயில் தண்ணீரோ அழுக்கோ கலந்திருக்கலாம்.

இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் மட்டும் நின்று, 20, 30 நிமிடம் ஆறியபின் மட்டும் ஓடினால், சூட்டில் செயலிழக்கும் மின் உறுப்பு ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கன்டென்சர் அல்லது எலக்ட்ரானிக் மாட்யூல். பிற்கால வண்டிகளில் கிராங்க் சென்சார். இவை ஆறிய நிலையில் சோதித்தால் நல்லதாகவே காட்டும். சூடாக இருக்கும்போது சோதிக்கச் சொல்ல வேண்டும்.

மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் நின்றால் எண்ணெய் வழியில் அடைப்பு. சமதளத்தில் காலி வண்டிக்கு வேண்டிய எண்ணெயைத் தரும் பில்டர், ஏற்றத்தில் வேண்டிய அதிக எண்ணெயைத் தர முடியாமல் திணறுகிறது. டேங்கில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது மட்டும் நின்றால், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையும் டேங்கின் அடியில் உள்ள கசடையும் பார்க்க வேண்டும்.

நின்று, ஐந்து பத்து நிமிடம் சும்மா இருந்தாலே சரியாகிவிடும் வண்டிகளும் உண்டு. டேங்கில் மிதக்கும் குப்பை, உறிஞ்சும் வேகத்தில் குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு நின்று, குப்பை தானே விலகிவிடும். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அடையாளம்தான். எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வர மறுக்கும். இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். வண்டி நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி ஓடினால், மூடிதான் குற்றவாளி.

வண்டிக்கும் ஒரு சிட்டை

கடையில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதாமல் நாம் கல்லாவை மூடுவதில்லை. வண்டிக்கும் அப்படி ஒரு சிட்டை வேண்டும். 40 பக்க நோட்டு ஒன்றையும் பேனாவையும் டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: தேதி, நேரம், கிளம்பி எத்தனையாவது கிலோமீட்டர், லோடா காலியா, மேடா சமமா, டேங்கில் எவ்வளவு, சட்டென்று நின்றதா திணறி நின்றதா, விளக்குகள் எரிந்தனவா, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடியது, ஓட என்ன செய்தார். டிரைவருக்கு எழுத வராவிட்டால், கடைக்குப் போன் செய்து சொல்லட்டும், கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம். எனக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவரின் டீசல் வேன், விருதுநகரிலிருந்து சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு டின் லோடு எடுத்துப் போகும். வழியில் திணறி நிற்கும். பத்து நிமிடத்தில் தானே ஓடும். ஒரு பட்டறையில் பில்டர் மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் நாசில் மாற்றி, பம்பையும் கழற்றிச் சர்வீஸ் செய்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடி, திரும்பவும் நின்றது. பம்பையே புதிதாகப் போட்டுவிடலாம் என்று பேச்சு நடந்தபோது, அவருடைய மகன் இப்படி ஒரு நோட்டை வைத்து எழுதச் சொன்னார்.

எட்டு முறை நின்றதும் எட்டு வரிகள் ஆயின. மேடு, சமம், வெயில், மழை எல்லாம் கலந்து இருந்தன. ஒன்று மட்டும் எட்டிலும் மாறாமல் இருந்தது: டேங்கில் டீசல் கால் அளவுக்குக் கீழே இருந்தது. நிறையப் போட்ட நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பம்ப் சர்வீஸ் செய்த மாதம் நன்றாக ஓடியதற்கும் விடை கிடைத்தது. அந்த மாதம் சீசன் என்பதால் தினமும் டேங்கை நிரப்பியிருந்தார்கள். நோட்டைப் பார்த்த மெக்கானிக், பம்ப் பக்கமே போகாமல் டேங்கை இறக்கிக் கவிழ்த்தார். உள்ளங்கை அளவு பாலிதீன் துண்டு ஒன்று வந்து விழுந்தது. கேனில் டீசல் வாங்கி வரும்போது தளும்பாமல் இருக்க மூடிக்கு அடியில் பாலிதீன் பை வைத்து இறுக்குவது வழக்கம். அதில் ஒரு துண்டு கிழிந்து டேங்குக்குள் போயிருக்கிறது. டீசல் நிறைய இருந்தபோது குழாய் வாய்க்கு வரவில்லை. குறைந்தபோது குழாய் வாயை அடைத்தது. டேங்கைக் கழுவி மாட்டிய கூலியோடு விஷயம் முடிந்தது.

மூன்று நான்கு வரிகள் சேர்ந்தாலே பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை தெரிந்துவிடும். நின்ற நாட்களை எழுதுவதுபோல், அதே பாதையில் நிற்காமல் வந்த நாட்களையும் குறித்துக்கொண்டால் ஒப்பிட உதவும்.

டீசல் வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலில் ஒரு கேள்வி: உங்கள் வண்டியின் இன்ஜினை எப்படி அணைக்கிறீர்கள்? கம்பியை இழுத்து அணைக்கும் பழைய வகையானால், ஓடத் தொடங்கியபின் அந்த இன்ஜினுக்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அது அணையாது. (சோதித்துப் பார்க்கிறேன் என்று கழற்ற வேண்டாம், ஆல்டர்னேட்டர் கெட்டுவிடும்.) ஆகவே அது நிற்கிறது என்றால் எண்ணெய் வழியை மட்டும் பார்த்தால் போதும். எலக்ட்ரீஷியனுக்கு வேலை இல்லை.

சாவியைத் திருப்பினாலே அணையும் வகையானால், பம்பில் ஸ்டாப்பர் சோலனாய்டு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரைதான் டீசல் போகும். ஒயர் ஒரு நொடி விட்டாலும் இன்ஜின் அணையும். அப்படிப்பட்ட வண்டியில் எண்ணெய்க் கோளாறா, ஒயர் கோளாறா என்று பிரித்து அறிய எளிய வழி உண்டு. சோலனாய்டின் மின் முனையிலிருந்து ஒரு ஒயரை, தொடக்கத்திலேயே சிறு பியூஸ் வைத்து, கேபினுக்குள் கொண்டுவந்து சிறிய பல்பு ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். சாவி போட்டால் பல்பு எரியும். ஓடும்போது பல்பு அணைந்து வண்டியும் நின்றால், சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, ஒயர் இவற்றில் கோளாறு. பல்பு எரிந்துகொண்டே இருக்க வண்டி நின்றால், எண்ணெய் வழி அல்லது சோலனாய்டு. சில நூறு ரூபாயில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

எண்ணெய் வழியில் முதல் எதிரி காற்று. டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓஸில் வெடிப்போ வாஷரில் தேய்வோ இருந்தால், எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். "எங்கேயும் கசிவு இல்லை" என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். பில்டருக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்கு டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற ஓஸைத் தற்காலிகமாக மாட்டினால், குமிழ் வருவது கண்ணுக்குத் தெரியும். வண்டி நின்றபின் கை பம்பை அடித்தால் கல்லென்று இறுகாமல் லேசாகவே போய்க்கொண்டிருப்பதும் ஏர் பிடித்ததற்கு அடையாளம்.

இரண்டாம் எதிரி தண்ணீர். எண்ணெய் வியாபாரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் அடியில் தங்கும். பில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசலைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் நின்றால் தண்ணீர். மழைக் காலத்தில் டேங்கைப் பாதிக்கு மேல் வைத்திருந்தால், உள்ளே காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராவது குறையும்.

மூன்றாவது அடைப்பு. காற்றும் தண்ணீரும் இல்லையென்றால், ஷெட்டில் நிறுத்தி, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து தனி ஓஸ் மூலம் நேராக பீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஓட்டும்போது திணறல் நின்றுவிட்டால், டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள வழியில்தான் கோளாறு. பம்பைக் கழற்ற வேண்டாம். இந்தக் கேன் முறை டீசலுக்கு மட்டுமே. பெட்ரோலில் ஒருக்காலும் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும்.

காமன் ரெயில் வகை டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் இருக்கும். பழைய பழக்கத்தில் நாசில் குழாயைத் தளர்த்தி ஏர் எடுக்க முயன்றால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இவ்வகை வண்டிக்கு ஸ்கேனர் உள்ள பட்டறையே சரி. அங்கேயும் உங்கள் சிட்டையைக் காட்டுங்கள். ஸ்கேனர் கோளாறின் எண்ணைத்தான் சொல்லும். எந்த மேட்டில் எந்த லோடோடு நின்றது என்று சொல்லாது.

பெட்ரோல் வண்டியும் மொபெட்டும்

பெட்ரோல் வண்டி நின்றவுடன் கேட்க வேண்டியது, தீப்பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா என்பதே. நின்ற இடத்திலேயே, இன்ஜின் ஆறுவதற்குள் பார்த்தால்தான் விடை கிடைக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வந்திருக்கிறதா என்பதையும், பிளக்கில் பொறி வருகிறதா என்பதையும் பழகிய மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். பொறி பார்க்கும்போது அருகில் பெட்ரோல் சொட்டாமல் இருக்க வேண்டும். எம்.பி.எப்.ஐ. வகையில், சாவி போட்டவுடன் டேங்கினுள் இருக்கும் பம்ப் ஓரிரு விநாடி 'ஙொய்' என்று ஓடும். நின்ற நேரத்தில் அந்த ஓசை கேட்காவிட்டால் பம்ப், அதன் ரிலே, பியூஸ் இவற்றைப் பாருங்கள். ஆம்னி போன்ற வண்டிகளில் இன்ஜின் முன்சீட்டின் கீழே அடைபட்டு இருப்பதால் சூடு தங்கும். கோடையில் பழைய கார்புரேட்டர் வண்டியின் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதும் உண்டு.

புதிதாக வந்த ஒரு காரணத்தையும் மனதில் கொள்ள வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடைக் கரைத்துக் கிளப்பும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஓஸ்களையும் வாஷர்களையும் உப்பவோ வெடிக்கவோ செய்யலாம். ஆகவே பழைய பெட்ரோல் வண்டியில் டேங்கைச் சுத்தம் செய்து, ஓஸ்களை மாற்றி, பில்டரை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்றுவது நல்லது. ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்கவும் வேண்டாம்.

மொபெட்டில் இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். டேங்க் மூடியின் காற்றுத் துளை, பெட்ரோல் டேப்பின் வலை, கார்புரேட்டரில் தூசி, பிளக்கில் கரி, ஹேண்டில்பாரில் உரசித் தேய்ந்த சுவிட்ச் ஒயர் ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அணைந்தால் ஒயர்தான்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

"எப்படியாவது சரி பண்ணிக் கொடு" என்று சாவியை வீசிவிட்டு வருவதைத் தவிருங்கள். சிட்டையைக் கையில் கொடுத்து, "இந்த நேரத்தில், இப்படி நிற்கிறது" என்று சொல்லுங்கள். கூடவே டிரைவரை அனுப்புங்கள். முடிந்தால் மெக்கானிக்கை ஒரு நாள் லோடு வண்டியில் ஏற்றி, வழக்கமாக நிற்கும் பாதையில் அழைத்துப் போங்கள். அவருக்கு அரை நாள் கூலி கொடுத்தாலும் தேவையில்லாத ஒரு பம்ப் சர்வீஸின் செலவு மிஞ்சும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். டெர்மினல், எர்த், பியூஸ், மூடி, ஓஸ், பில்டர், டேங்க் ஆகியவற்றைப் பார்த்தபின்தான் பம்பும் நாசிலும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். என்று, எது மாற்றப்பட்டது என்பதையும் அதே சிட்டையில் எழுதுங்கள். ஒரு வாரம் நிற்காமல் ஓடினால் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பு நின்ற அதே லோடு, அதே மேடு, அதே டேங்க் அளவில் பல தடவை ஓடிய பிறகே நெடுஞ்சாலைக்கு அனுப்புங்கள்.

பில்டர் வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். நம் கடைகளில் போலிச் சரக்கு எப்படி வருகிறது என்பது நமக்கே தெரியும்; உதிரிப்பாகக் கடைகளிலும் அதே கதைதான். பில்லோடு அசல் வாங்குங்கள். மாவு, பருப்புத் தூசு பறக்கும் குடோன்களில் நிற்கும் வண்டிக்கு ஏர் பில்டரையும் அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கேனில் எண்ணெய் வாங்கினால் மூடிக்குப் பாலிதீன் வைக்காதீர்கள்; டேங்கில் ஊற்றும்போது வலை வைத்த புனலைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. "வண்டி ஒரு மாதிரி இருக்கிறது முதலாளி" என்று அவர் சொல்லும்போது சரக்கு அவசரத்தை முன்னிட்டு அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பூட்டிய கேபினுக்குள் அந்த இன்ஜினோடு நாள் முழுவதும் இருப்பவர் அவர். நின்றால் முதலில் அடிபடப் போகிறவரும் அவரே. அவர் சொல்வதை அன்றே எழுதிவையுங்கள். மறுநாள் காலையில் லோடு ஏற்றும் முன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.